நல் ஹைப்பாதிசிஸ், பி-வேல்யூ: ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல புதுசா கால் வைக்கிறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆவரேஜ், ஸ்டாண்டர்டு டீவியேஷன், ப்ராபபிலிட்டி வரைக்கும் எல்லாருக்கும் ஓரளவு ஓடிடும், ஹைப்பாதிசிஸ் டெஸ்டிங் சாப்டர் வந்ததும்தான் பாதிப் பேரு புரிஞ்சா புரியட்டும் ஸ்டெப்பை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடலாம்னு முடிவு பண்ணிடுறாங்க. மார்க் வந்துரும். ஆனா அப்புறம் ப்ராஜெக்ட், தீசிஸ்னு வரும்போது எஸ்பிஎஸ்எஸ்ங்கற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர்ல டேட்டாவைப் போட்டு பட்டனை அமுக்கினா ஒரு டேபிள் வந்து நிக்கும், அதுல பி-வேல்யூன்னு 0.18 மாதிரி ஒரு நம்பர் இருக்கும், அதை வச்சு என்ன எழுதுறது, என்ன எழுதக்கூடாதுன்னு தெரியாம பக்கத்துல இருக்கறவங்க எழுதினதையே மாத்தி எழுதிட்டு வந்துருவாங்க. அப்படி மாட்டிக்கிட்டவங்களுக்காகத்தான் இதை எழுதறேன், ப்ராபபிலிட்டி கொஞ்சம் தெரிஞ்சா போதும், வேற ஒண்ணும் வேண்டாம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இதைப் பிடிச்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் தானா வரும். இந்த சாப்டர்ல வர்ற எந்த பி-வேல்யூவுக்கும் முன்னாடி "நல் ஹைப்பாதிசிஸ் உண்மைன்னு வச்சுக்கிட்டா" (அதாவது விசேஷமா ஒண்ணும் நடக்கலங்கற அனுமானம் சரின்னு வச்சுக்கிட்டா) அப்படிங்கற வார்த்தைகளைச் சேர்த்துத்தான் வாசிக்கணும். அதை விட்டுட்டு வாசிச்சா அர்த்தமே தலைகீழா மாறிடும். பெரிய பெரிய ரிசர்ச் பேப்பர்லயே நடக்கற தப்பு இதுதான், அதனால நீங்க குழம்பினா அதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல.

நிஜமா நடந்த ஒரு விஷயத்தை வச்சே போவோம். 1940 ஏப்ரல்ல ஜான் கெர்ரிச்னு ஒரு கணிதவியலாளர், தென்னாப்பிரிக்காவுல பாடம் எடுத்துட்டிருந்தவரு, மனைவி வீட்டு ஆளுங்களைப் பார்க்க டென்மார்க்ல கோபன்ஹேகனுக்குப் போயிருந்தாரு, அந்த நேரம் பார்த்து ஜெர்மன் படை டென்மார்க்குக்குள்ள நுழைஞ்சிருச்சு, எதிரி நாட்டு ஆளுன்னு இவரைப் பிடிச்சு ஜட்லாண்டுல ஒரு முகாம்ல வச்சுட்டாங்க. அங்க இருந்த காலத்துல எரிக் கிறிஸ்டென்சன்ங்கற இன்னொரு முகாம்வாசியைக் கூட வச்சுக்கிட்டு ஒரு நாணயத்தை 10,000 தடவை சுண்டி, ஒவ்வொண்ணையும் தலையா பூவான்னு குறிச்சு வச்சாரு. மொத்தம் 5,067 தலை விழுந்துச்சு. 1946ல இதைப் புத்தகமாவே போட்டாரு.

இப்ப நம்ம கேள்வி ரொம்ப சிம்பிள். சரிபாதின்னா 5,000 வரணும், வந்தது 5,067. இந்த 67 அதிகம் சும்மா அதிர்ஷ்டத்துல வந்ததா, இல்ல நாணயமே தலைப் பக்கம் கொஞ்சம் சாயுதா?

முதல் படி: நல் ஹைப்பாதிசிஸை எழுதுங்க

நல் ஹைப்பாதிசிஸ்ங்கறது "விசேஷமா ஒண்ணும் இல்ல" அப்படிங்கற கட்சி. வித்தியாசம் இல்ல, தொடர்பு இல்ல, மருந்து வேலை செய்யல, நாணயம் சாயல. சுருக்கமா எச் ஜீரோன்னு எழுதுவாங்க. நம்ம கேசுல எச் ஜீரோ: தலை விழற வாய்ப்பு = 0.5. இதுக்கு எதிர்க்கட்சிதான் மாற்றுக் கருதுகோள், எச் ஒன்: தலை விழற வாய்ப்பு 0.5 இல்ல.

இங்க ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, எச் ஜீரோல எப்பவும் சமக்குறி இருக்கும். ஏன்னா அடுத்த படியில நாம ஒரு கணக்குப் போடப் போறோம், அதுக்கு ஒரு குறிப்பிட்ட நம்பர் வேணும், "0.5 இல்ல"ன்னு மட்டும் சொன்னா 0.51ஐ வச்சுப் போடறதா 0.7ஐ வச்சுப் போடறதா? அதனாலதான் நாம நிரூபிக்க ஆசைப்படறதை எச் ஜீரோவா வைக்காம, அதுக்கு எதிரா இருக்கறதை வைக்கறோம். ரெண்டாவது, எச் ஜீரோ நம்ம கையில இருக்கற டேட்டாவைப் பத்தினது இல்ல, டேட்டா எங்கருந்து வந்துச்சோ அதைப் பத்தினது. "10,000 சுண்டுல 5,000 தலை வந்துச்சு"ன்னு எச் ஜீரோ எழுதினா தப்பு, ஏன்னா வந்தது 5,067ன்னு கண்ணால பார்த்தாச்சு, அதுல டெஸ்ட் பண்ண என்ன இருக்கு? நமக்குத் தெரியாதது நாணயத்தோட குணம், அதைப் பத்திதான் எழுதணும். பரீட்சைப் பேப்பர்ல சாம்பிள் ஆவரேஜை எச் ஜீரோக்குள்ள எழுதி மார்க் விடறவங்க நிறைய.

ஒன்-டெய்ல், டூ-டெய்ல் முடிவும் இங்கயே எடுத்துடணும். நாணயம் எந்தப் பக்கமும் சாயலாம்னா டூ-டெய்ல். ஒரு பக்கம் மட்டும்தான் அர்த்தம் உள்ளது, மறு பக்கம் வந்தா நமக்கு அக்கறையே இல்லைன்னு டேட்டாவைப் பார்க்கறதுக்கு முன்னாடியே சொல்ல முடிஞ்சா மட்டும் ஒன்-டெய்ல். தலை அதிகமா வந்திருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் "தலைப் பக்கம் மட்டும் டெஸ்ட் பண்றேன்"னு மாத்திக்கிட்டா பி-வேல்யூ பாதியா குறையும், பார்க்க நல்லா இருக்கும், ஆனா அது ஏமாத்து. சந்தேகமா இருந்தா டூ-டெய்ல் போங்க.

ரெண்டாவது படி: ஆல்ஃபாவை முன்னாடியே முடிவு பண்ணுங்க

ஆல்ஃபாங்கறது நாம முன்கூட்டியே போட்டுக்கற கோடு. நல் ஹைப்பாதிசிஸ் உண்மையா இருந்தும் அதைத் தப்பா தூக்கி எறியற ஆபத்தை எவ்வளவு தூரம் தாங்கிக்கலாம்? பெரும்பாலும் 0.05, அதாவது இருபதுல ஒண்ணு. இது இயற்கை விதி ஒண்ணும் கிடையாது, ரொனால்ட் ஃபிஷர் 1925ல எழுதின புத்தகத்துல இருபதுல ஒண்ணுங்கறது வசதியான எல்லைன்னு சொன்னாரு, அதுவே வழக்கமா ஒட்டிக்கிச்சு. துகள் இயற்பியல்ல புதுத் துகள் கண்டுபிடிச்சோம்னு சொல்றதுக்கு ஐந்து சிக்மா, அதாவது அஞ்சு ஸ்டாண்டர்டு டீவியேஷன் விலகல், கேட்கறாங்க, ஒரு பக்கம் மட்டும் பார்த்தா அது கிட்டத்தட்ட 35 லட்சத்துல ஒண்ணு, 2012ல ஹிக்ஸ் போசானை அறிவிச்சப்ப அந்தக் கோட்டைத் தாண்டித்தான் அறிவிச்சாங்க. துறைக்குத் துறை கோடு மாறும். நாம 0.05ன்னே வச்சுக்குவோம்.

மூணாவது படி: நல் உண்மையா இருந்தா என்னெல்லாம் வரும்னு கணக்குப் போடுங்க

இந்தப் படிதான் உயிர்நாடி, ஆனா கிளாஸ்ல இதைத்தான் அவசரமா தாண்டிடுவாங்க. இப்ப கெர்ரிச்சோட 5,067ஐ ஒரு நிமிஷம் மறந்துடுங்க. நாணயம் சுத்தமா நேர்மையானதுன்னு வச்சுக்குங்க. அப்படி ஒரு நேர்மையான நாணயத்தை 10,000 தடவை சுண்டினா சரியா 5,000தான் விழணும்னு இல்ல, ஒரு தடவை 4,980 வரும், இன்னொரு தடவை 5,031 வரும், இப்படி ஆடும். எவ்வளவு ஆடும்ங்கறதுக்குத்தான் ஸ்டாண்டர்டு டீவியேஷன். தலைகளோட எண்ணிக்கைக்கு அது √(10,000 × 0.5 × 0.5) = √2,500 = 50.

அதாவது நேர்மையான நாணயம்கூட 5,000லருந்து 50 அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடறது சர்வசாதாரணம். 100 விலகறது அபூர்வம், 150 விலகினா ரொம்ப அபூர்வம். கர்வ் வரைஞ்சா மணி மாதிரி வரும், நடுவுல 5,000. இந்தக் கர்வ் டேட்டாவோட படம் இல்ல, நல் ஹைப்பாதிசிஸோட படம். நோட்ல வரைஞ்சு கீழ "எச் ஜீரோ உண்மைன்னா"ன்னு எழுதி வைங்க, நிறைய குழப்பம் அங்கேயே தீர்ந்துடும்.

நாலாவது படி: நம்ம டேட்டா அந்தப் படத்துல எங்க நிக்குது

இப்ப 5,067ஐ எடுங்க. நடுவுலருந்து 67 தள்ளி நிக்குது. ஒரு ஸ்டாண்டர்டு டீவியேஷன் 50. 67 ÷ 50 = 1.34. இதுதான் இசட், டெஸ்ட் ஸ்டாட்டிஸ்டிக்னு சொல்றது. டி-டெஸ்ட், கை-ஸ்கொயர், எஃப்னு என்ன பேர்ல வந்தாலும் எல்லாமே இந்த வேலையைத்தான் செய்யுது, நல் சொல்றதுலருந்து நம்ம டேட்டா எவ்வளவு தூரம் விலகி நிக்குது, அந்தத் தூரம் சாதாரண ஆட்டத்தோட ஒப்பிட்டா எத்தனை மடங்குன்னு அளக்கறது.

அஞ்சாவது படி: பி-வேல்யூ

நேர்மையான நாணயமா இருந்தா, 67ஓ அதுக்கு மேலயோ எந்தப் பக்கமாவது விலகறதுக்கு வாய்ப்பு எவ்வளவு? இசட் டேபிள்ல 1.34க்குப் பார்த்தா கர்வோட மேல்பக்க ஓரத்துல, அதாவது வால்ல (டெய்ல்), 0.09, கீழ்ப்பக்கமும் அதே அளவு, ரெண்டும் சேர்ந்தா 0.18. பி-வேல்யூ 0.18.

"அதுக்கு மேலயோ"ங்கறதை ஏன் சேர்க்கறோம்னு நிறைய பேரு கேட்கறாங்க, நல்ல கேள்வி அது. சரியா 5,067 விழறதுக்கு மட்டும் வாய்ப்பு என்னன்னு பார்த்தா 0.003 பக்கம்தான் வரும், ஆஹா எவ்வளவு அபூர்வம்னு தோணும். ஆனா நேர்மையான நாணயத்துக்கு ரொம்ப ரொம்பப் பொருத்தமான நம்பரான சரியா 5,000 விழறதுக்கே வாய்ப்பு 0.008தான், நூத்துல ஒண்ணுகூட இல்ல. பத்தாயிரம் சுண்டுல எந்த ஒரு குறிப்பிட்ட நம்பரும் அபூர்வம்தான், அதனால ஒத்தை நம்பரோட வாய்ப்பை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, "இவ்வளவு தூரமோ இதுக்கும் மேலயோ"ன்னு வால் முழுசையும் சேர்த்துக் கேட்டாத்தான் கேள்விக்கு அர்த்தம் வருது.

ஆறாவது படி: முடிவு, அதை எப்படிச் சொல்றது

0.18 நம்ம கோடான 0.05ஐ விடப் பெரிசு. அதனால நல் ஹைப்பாதிசிஸை நிராகரிக்க முடியல. நேர்மையான நாணயமே பத்து தடவை இதைச் செஞ்சா கிட்டத்தட்ட ரெண்டு தடவை இந்த அளவுக்கு விலகும், இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல.

"நிராகரிக்க முடியல"ன்னு சொன்னேனே தவிர "நாணயம் நேர்மையானதுன்னு நிரூபிச்சாச்சு"ன்னு சொல்லல பாருங்க. இது வெறும் சம்பிரதாயப் பேச்சு இல்ல, கணக்குலயே தெரியுது. அதே டேட்டாவுக்கு 95 சதவீத கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல், அதாவது டேட்டாவோட ஒத்துப்போற மதிப்புகளோட இடைவெளி, போட்டா 49.69லருந்து 51.65 சதவீதம் வரைக்கும் வருது. 50 உள்ள இருக்கு, சரி. ஆனா 51ம் உள்ளதான் இருக்கு, 51.5ம் உள்ளதான் இருக்கு. உண்மையிலேயே 51 சதவீதம் தலை விழற நாணயமா இருந்தாலும் இந்த டேட்டாவுக்கு அது ஒத்துப்போகுது. இன்னும் ஒரு படி மேல போவோம்: 51 சதவீதம் சாயற ஒரு நாணயத்தை 10,000 தடவை சுண்டினா நம்ம டெஸ்ட் அதைக் கண்டுபிடிக்குமா? 0.05 கோடு நடுவுலருந்து 1.96 ஸ்டாண்டர்டு டீவியேஷன், அதாவது 98 தள்ளி இருக்கு, அதனால நிராகரிக்கணும்னா 5,098க்கு மேல விழணும், அந்த நாணயம் சராசரியா விழறதே 5,100, அதனால கண்டுபிடிக்கிற வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. பத்தாயிரம் தடவை கை வலிக்கச் சுண்டியும் ஒரு சதவீத சாய்வைப் பாதி நேரம் கோட்டை விட்டுடுவோம். இந்தக் கண்டுபிடிக்கிற திறனுக்குத்தான் பவர்னு பேரு.

தப்பு ரெண்டு வகையா நடக்கும்னு புத்தகத்துல படிச்சிருப்பீங்க. நல் உண்மையா இருந்தும் தூக்கி எறிஞ்சா டைப் ஒன், நல் பொய்யா இருந்தும் விட்டு வச்சா டைப் டூ. ஆல்ஃபா முதல் தப்பைக் கட்டுப்படுத்துது, பவர் அதிகமானா ரெண்டாவது குறையுது. என்னைக் கேட்டா நம்ம ஊர் காலேஜ் ப்ராஜெக்ட்ல பவரைப் பத்தி யாரும் பேசறதில்லைங்கறதுதான் பெரிய குறை. 30 பேர்கிட்ட சர்வே எடுத்து "வித்தியாசம் இல்லை"ன்னு எழுதிடறாங்க, கறிகாய்க்கடைத் தராசுல குண்டுமணித் தங்கத்தை வச்சுட்டு முள்ளு அசையல அதனால இதுல எடையே இல்லன்னு சொல்றதுக்கும் அதுக்கும் வித்தியாசம் கிடையாது.

நல் உடைஞ்ச கேஸ் ஒண்ணு

கெர்ரிச் கேசுல நல் நின்னுடுச்சு. அது உடையறது எப்படி இருக்கும்னு பார்க்க 1954ல அமெரிக்காவுல நடந்த சால்க் போலியோ தடுப்பூசி சோதனையை எடுங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்களை குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சு, ஒரு குழுவுக்குத் தடுப்பூசி, இன்னொண்ணுக்கு வெறும் உப்புத் தண்ணி மாதிரி மருந்தில்லாத ஊசி, யாருக்கு எது போச்சுன்னு பிள்ளைக்கும் தெரியாது டாக்டருக்கும் தெரியாது. தடுப்பூசி போட்ட 2,00,745 பேர்ல 57 பேருக்குப் போலியோ உறுதியாச்சு, போடாத 2,01,229 பேர்ல 142 பேருக்கு.

எச் ஜீரோ: தடுப்பூசியால எந்த வித்தியாசமும் இல்ல. இப்ப மூணாவது படியை ஞாபகப்படுத்திக்குங்க, நல் உண்மைன்னா என்ன நடக்கும்? ரெண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு, தடுப்பூசி சும்மான்னா நோய் வந்த 199 பிள்ளைங்களும் எந்தக் குழுவுல இருந்திருப்பாங்கங்கறது நாணயம் சுண்டின மாதிரிதான், பாதிக்குப் பாதி. பார்த்தீங்களா, மறுபடியும் கெர்ரிச் கணக்கே வந்துடுச்சு. எதிர்பார்ப்பு 99.5, ஸ்டாண்டர்டு டீவியேஷன் √199 ÷ 2, அதாவது 7.05. வந்தது 57. வித்தியாசம் 42.5, இசட் 6. நல் உண்மைன்னு வச்சுக்கிட்டா இந்த மாதிரி நடக்கறது நூறு கோடியில ஒண்ணு ரெண்டு தடவைதான். நல்லை வச்சுக்கிட்டு இருக்க முடியாது, தூக்கிப் போட்டாச்சு. 1955 ஏப்ரல் 12ல ரிசல்ட் அறிவிச்சாங்க, தடுப்பூசிக்கு லைசென்சும் கிடைச்சுது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது நாலு லட்சம் பிள்ளைங்களை ஏன் சேர்த்தாங்கங்கறதுதான். போலியோ அவ்வளவு பயத்தைக் கிளப்பினாலும் எண்ணிக்கையில அபூர்வமான நோய், தடுப்பூசி இல்லாத குழுவுலயே லட்சத்துக்கு 71 பேர்தான். அதே சோதனையைப் பத்துல ஒரு பங்கா, குழுவுக்கு இருபதாயிரம் பேர்னு நடத்தியிருந்தா ஏறக்குறைய 6க்கு 14னு வந்திருக்கும். பார்க்க பாதிக்கும் குறைவாதான் இருக்கு, ஆனா 20 சுண்டுல 6 தலை விழறதுக்கு டூ-டெய்ல் பி-வேல்யூ 0.12 பக்கம், 0.05ஐத் தொடவே இல்ல. தடுப்பூசி அதேதான், அதோட பலனும் அதேதான், சாம்பிள் மட்டும் சின்னதாப் போயிருந்தா "சிக்னிஃபிகன்ட் இல்லை"ன்னு, அதாவது பி-வேல்யூ 0.05க்குக் கீழ வரலைன்னு, ரிப்போர்ட் வந்திருக்கும், யாராவது அதை "வேலை செய்யல"ன்னு வாசிச்சிருந்தா எத்தனை பிள்ளைங்க காலு போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சிக்னிஃபிகன்ட் இல்லைங்கறதை பலன் இல்லைன்னு வாசிக்கக்கூடாதுன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

சிக்னிஃபிகன்ட்னா பெரிசுன்னு அர்த்தம் இல்ல

இதுக்கு நேர் எதிர்த் தப்பும் உண்டு. கெர்ரிச் நாணயத்துல தலை 50.67 சதவீதம், பி-வேல்யூ 0.18. இதே 50.67 சதவீதம் ஒரு லட்சம் சுண்டுல வந்திருந்தா? 50,670 தலை, ஸ்டாண்டர்டு டீவியேஷன் 158, இசட் 4.24, பி-வேல்யூ லட்சத்துல ரெண்டு. சாய்வு அதே முக்கால் சதவீதத்துக்கும் கம்மியான சாய்வுதான், டாஸ் போடறவங்க யாரும் வாழ்நாள் முழுக்கக் கண்டுபிடிக்க முடியாத அளவு. சாம்பிளைப் பெரிசாக்கிட்டே போனா எவ்வளவு சின்ன வித்தியாசமும் ஒரு நாள் சிக்னிஃபிகன்ட் ஆகிடும்.

அதனால பி-வேல்யூ எழுதற இடத்துல எல்லாம் பக்கத்துலயே வித்தியாசம் எவ்வளவுன்னும் எழுதுங்க. 1988ல வந்த ஆஸ்பிரின் ஆய்வு நல்ல உதாரணம், அமெரிக்காவுல 22,071 ஆண் டாக்டர்களை வச்சு நடத்தினது. ஆஸ்பிரின் குழுவுல 104 பேருக்கு மாரடைப்பு, மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்ட குழுவுல 189 பேருக்கு, பி-வேல்யூ ரொம்ப ரொம்பச் சின்னது. சதவீதத்துல சொன்னா "கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது"ன்னும் சொல்லலாம், 1.71 சதவீதம் 0.94 சதவீதமா ஆச்சுன்னும் சொல்லலாம், அதாவது ஆயிரம் பேர்ல எட்டு பேருக்கு. ரெண்டும் உண்மை. மாத்திரை சாப்பிடலாமா வேண்டாமான்னு முடிவு பண்றவங்களுக்கு அந்த எட்டும் வேணும், ரத்தக்கசிவு ஆபத்தும் தெரியணும், வெறும் பி-வேல்யூ அதைச் சொல்லாது.

பி-வேல்யூ 0.03னா நல் உண்மையா இருக்க 3 சதவீத வாய்ப்பா?

இல்ல. இதைப் பொறுமையா படிங்க, இந்த ஒண்ணு புரிஞ்சா இந்த சாப்டரே புரிஞ்ச மாதிரி.

பி-வேல்யூ கணக்குப் போடும்போது நல் உண்மைன்னு ஏற்கனவே வச்சுக்கிட்டோம். மூணாவது படியில வரைஞ்ச கர்வே அதுதான். உண்மைன்னு வச்சுக்கிட்டுப் போட்ட கணக்கு, அது உண்மையா இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு எப்படித் திருப்பிச் சொல்லும்? நல் உண்மைன்னா இந்த டேட்டா வர வாய்ப்பு என்னங்கறது ஒரு கேள்வி, இந்த டேட்டா வந்திருக்கே இனி நல் உண்மையா இருக்க வாய்ப்பு என்னங்கறது வேற கேள்வி. பி-வேல்யூ முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில்.

நம்பர் வச்சுப் பார்ப்போம். ஒரு துறையில 1,000 ஐடியாவை டெஸ்ட் பண்றாங்க, அதுல 100தான் நிஜமாவே பலன் உள்ளது, 900 சும்மா, பவர் பாதின்னு வச்சுக்குவோம். நிஜமான 100ல 50ஐ டெஸ்ட் பிடிக்கும். சும்மா இருக்கற 900லயும் 5 சதவீதம், அதாவது 45, அதிர்ஷ்டத்துல 0.05க்குக் கீழ வந்துடும். மொத்தம் 95 சிக்னிஃபிகன்ட் ரிசல்ட், அதுல 45 பொய். நல் உண்மையா இருக்கற வாய்ப்பு 5 சதவீதம் இல்ல, 47 சதவீதம்! இது கற்பனைக் கணக்குதான், ஆனா 2015ல சைக்காலஜில 100 ஆய்வுகளைத் திரும்பச் செஞ்சு பார்த்தாங்க, மூல ஆய்வுகள்ல 97 சதவீதம் சிக்னிஃபிகன்ட், திரும்பச் செஞ்சப்ப 36 சதவீதம்தான். அடுத்த வருஷமே அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டிக்கல் அசோசியேஷன் பி-வேல்யூவை எப்படிப் பயன்படுத்தணும்னு தனியா ஒரு அறிக்கை விட்டாங்க, கருதுகோள் உண்மையா இருக்கற வாய்ப்பை பி-வேல்யூ சொல்லாதுங்கறது அதுல தெளிவாவே இருக்கு.

புத்தகமே ஏன் குழப்புதுன்னும் கொஞ்சம் சொல்றேன். பி-வேல்யூவை எவிடென்ஸோட அளவுகோலா பிரபலப்படுத்தினது ஃபிஷர். ஆல்ஃபா, பவர், டைப் ஒன், டைப் டூ எல்லாம் 1930கள்ல ஜெர்ஸி நெய்மனும் ஈகன் பியர்சனும் கட்டினது, அவங்களுக்கு இது நீண்ட நாள் ஓட்டத்துல தப்பு எத்தனை தடவை நடக்கும்னு கட்டுப்படுத்தற முறை. ரெண்டு கட்சிக்கும் கடைசி வரைக்கும் ஒத்தே போகல, ஆனா பின்னாடி வந்த பாடப்புத்தகங்க ரெண்டையும் ஒண்ணா கலந்து ஒரே ரெசிப்பியா கொடுத்துட்டாங்க. ஆல்ஃபாவும் பி-வேல்யூவும் ஏன் ஒரே மாதிரியும் இருக்கு வேற மாதிரியும் இருக்குன்னு உங்களுக்குத் தோணினா காரணம் இதுதான், ஆல்ஃபா முன்னாடி போடற கோடு, பி-வேல்யூ டேட்டாலருந்து பின்னாடி வர்றது.

செய்யக்கூடாத ரெண்டு வேலை

ஒரே டேட்டாவுல இருபது டெஸ்ட் பண்ணி எது 0.05க்குக் கீழ வந்துச்சோ அதை மட்டும் எழுதறது. எல்லா நல்லும் உண்மையா இருந்தாகூட, தனித்தனி டெஸ்ட்னா, இருபதுல ஒண்ணாவது சிக்னிஃபிகன்டா வர 64 சதவீத வாய்ப்பு இருக்கு. 2009ல கிரெய்க் பென்னட்டும் கூட இருந்தவங்களும் செத்துப்போன ஒரு சால்மன் மீனை மூளை வேலை செய்யறதைப் படம் பிடிக்கற எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனர்ல வச்சு மனுஷங்க ஃபோட்டோவைக் காட்டி டெஸ்ட் பண்ணாங்க, ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியா டெஸ்ட் பண்ணினதால மீனோட மூளையில சில இடம் "சிக்னிஃபிகன்ட்"ஆ வந்துச்சு, பல டெஸ்டுக்கான திருத்தம் போட்டதும் எல்லாம் காணாமப் போச்சு. நீங்க பத்து டெஸ்ட் பண்ணீங்கன்னா பத்துன்னு எழுதுங்க, போன்ஃபெரோனி திருத்தம் சுலபம், ஆல்ஃபாவை டெஸ்ட் எண்ணிக்கையால வகுத்துடுங்க.

இன்னொண்ணு, டேட்டா வர வர எட்டிப் பார்த்து 0.05க்குக் கீழ வந்ததும் நிறுத்திடறது. சம இடைவெளியில அஞ்சு தடவை எட்டிப் பார்த்தாலே 5 சதவீதம்னு நினைச்ச ஆபத்து 14 சதவீதம் ஆகிடும். எத்தனை பேர்கிட்ட எடுக்கப் போறோம்னு முன்னாடியே எழுதி வச்சுட்டு அதோட நிறுத்துங்க.

எந்த டெஸ்ட், எப்படி எழுதறது

ஒரு சதவீதத்தை ஒரு நம்பரோட ஒப்பிடணும்னா நாம பண்ண இசட். ரெண்டு குழுவோட ஆவரேஜை ஒப்பிட டி-டெஸ்ட், 1908ல டப்ளின்ல கின்னஸ் பீர் கம்பெனியில வேலை பார்த்த வில்லியம் காஸெட் சின்ன சாம்பிளுக்குன்னு இதுக்கு அடிப்படை போட்டாரு, ஸ்டூடண்ட்ங்கற புனைபேர்ல வெளியிட்டதாலதான் ஸ்டூடண்ட்ஸ் டின்னு பேரு. ஆண் பெண், ஆம் இல்லைன்னு வகை வகையா எண்ணினதுக்கு கை-ஸ்கொயர். மூணோ அதுக்கு மேலயோ குழுவோட ஆவரேஜ்னா அனோவா. அதே ஆளுங்களை முன்னாடி பின்னாடி அளந்திருந்தா பேர்டு (ஜோடி) டி-டெஸ்ட், இதை மறந்து சாதா டி-டெஸ்ட் போடறவங்க ரொம்ப ஜாஸ்தி, கவனம்.

எஸ்பிஎஸ்எஸ்ல பி-வேல்யூ "சிக்"னு தலைப்பு போட்ட காலம்ல இருக்கும். அதுல .000னு காட்டினா ஜீரோன்னு அர்த்தம் இல்ல, மூணு தசமத்துக்கு மேல காட்டலைன்னுதான் அர்த்தம், 0.001ஐ விடக் குறைவுன்னு எழுதுங்க. ரிப்போர்ட்ல கெர்ரிச் கேஸை நான் இப்படி எழுதுவேன்: "10,000 சுண்டுதல்களில் 5,067 முறை தலை விழுந்தது (50.67 சதவீதம், 95 சதவீத இடைவெளி 49.69 முதல் 51.65 வரை). நாணயம் சமமானது என்ற கருதுகோளை நிராகரிக்கப் போதுமான ஆதாரம் இல்லை, இசட் 1.34, பி-வேல்யூ 0.18." அளவு, இடைவெளி, டெஸ்ட், பி-வேல்யூ நாலும் இருக்கு, வாசிக்கறவங்க தாங்களே முடிவு பண்ணிக்கலாம்.

இப்ப பேனாவை எடுங்க. கெர்ரிச்சோட முதல் 100 சுண்டுல 44 தலை. எச் ஜீரோ எழுதி, கர்வ் வரைஞ்சு, நீங்களே போடுங்க: ஸ்டாண்டர்டு டீவியேஷன் 5 வரணும், இசட் மைனஸ் 1.2, பி-வேல்யூ 0.23. உங்களுக்கு 0.115 வந்துச்சுன்னா ஒரு வாலை மட்டும் எடுத்திருக்கீங்க. அடுத்து முதல் 10 சுண்டுல 4 தலை, இதுக்கு இசட் வேண்டாம், சாம்பிள் ரொம்பச் சின்னது, பைனாமியல்லயே நேரடியா போடுங்க. சரியா 5 விழறதைத் தவிர மிச்சம் எல்லாமே 4 அளவுக்கோ அதுக்கு மேலயோ விலகினதுதான், அதனால 1லருந்து 252/1,024ஐக் கழிச்சா 0.75 வந்துடும்.